‘போரும் அமைதியும்’ நாவல்: கேள்வி பதில்

கேள்வி: நூறு பக்கம் தாண்டுவதற்குள் டால்ஸ்டாயின் பாத்திரப் பெயர்கள் குழம்பிவிடுகின்றன. என்ன செய்வது?

பதில்: ருஷ்யர்கள் மரியாதையாக அழைக்கும்போது தந்தையின் பெயரையும் சேர்த்துச் சொல்வார்கள். நத்தாலியா இலியினிச்னா என்று வந்தால், இலியா ரஸ்தோவின் மகளான நத்தாஷாவேதான். பியோத்தர் கிரிலோவிச் என்றால் பியர். ரஸ்தோவ், பல்கோன்ஸ்கி, குராகின் குடும்பங்களை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்துக்கு அது போதும்.

கேள்வி: 1805இல் நெப்போலியனுக்கு எதிரான ஆஸ்டர்லிட்ஸ் போருக்கு முந்தைய இரவு, ஆலோசனைக் கூட்டத்திலேயே ருஷ்யத் தளபதி குத்தூஸவ் தூங்குகிறார். தளபதிக்கு இது அழகா?

பதில்: ஆஸ்திரியத் தளபதி வைரோத்தர் தாக்குதல் திட்டத்தை நீட்டி முழக்கி வாசிக்கும்போது, போரிடுவதென்று சார் மன்னர் முன்னரே முடிவு செய்துவிட்டதை அறிந்த அந்த முதியவருக்குச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. மறுநாள் மூடுபனியில் அத்திட்டம் சிதறுகிறது. 1812இல் நெப்போலியன் ருஷ்யாவுக்குள் படையெடுத்தபோது, பரதினோ போருக்குப் பின், மாஸ்கோவைக் கைவிடும் பழியை ஏற்பவரும் அவரே. ஆனால் டால்ஸ்டாய் அவர்பால் சற்று அதிகமாகவே சாய்ந்துவிட்டார் என்பது என் எண்ணம்.

கேள்வி: ஆந்திரேய் பல்கோன்ஸ்கிக்கு நிச்சயிக்கப்பட்ட நத்தாஷா, அனத்தோல் குராகினுடன் ஓடிப்போக முயல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

பதில்: ஆந்திரேயின் தந்தை விதித்த ஓராண்டுக் காத்திருப்பை முதலில் கணக்கில் கொள்ளுங்கள். வெளிநாடு சென்றுவிட்ட ஆந்திரேய்க்கு அது தாங்கக்கூடிய தவணை. வாழத் துடிக்கும் இளம்பெண்ணுக்கோ தண்டனை. அனத்தோல் ஏற்கெனவே மணமானவன் என்பதும் அவளுக்குத் தெரியாது. ஆயினும் அவள் செய்தது சிறிய பிழையன்று; டால்ஸ்டாயும் அதைப் பூசி மெழுகவில்லை.

மாஸ்கோவை விட்டு வெளியேறும் நாளில், வீட்டுச் சாமான்கள் ஏற்றிய வண்டிகளைக் காயம்பட்ட வீரர்களுக்குக் கொடுத்தே ஆகவேண்டும் என்று தாயிடம் அவள் சீறுகிறாள். கட்டிய பெட்டிகள் முற்றத்தில் இறங்குகின்றன, வீரர்கள் ஏறுகிறார்கள். அதே வண்டி வரிசையில் உயிருக்குப் போராடும் ஆந்திரேயும் வருகிறார். அவளுக்கு மட்டும் அது மறைக்கப்படுகிறது. பின்னர் மாஸ்கோவுக்கு அருகிலுள்ள மித்தீஷியில், நள்ளிரவில், வெறுங்காலுடன் அவரைத் தேடிச் செல்கிறாள். கேட்பதற்கு முன்பே மன்னித்துவிட்ட மனிதரைத்தான் அங்கே காண்கிறாள்.

கேள்வி: சில பக்கங்களே வரும் குடியானவப் படைவீரன் பிளத்தோன் கரத்தாயேவுக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம்?

பதில்: மாஸ்கோவில் பிரெஞ்சுப் படையிடம் பிடிபட்டு, சக கைதிகள் சுட்டுக் கொல்லப்படுவதைக் கண்ணால் பார்த்து, எல்லா நம்பிக்கையும் இற்றுப்போய்ச் சிறைக்கொட்டடிக்குள் வருகிறார் பியர். அங்கே கரத்தாயேவ் சுட்ட உருளைக்கிழங்கை இரண்டாக அரிந்து, துணியில் முடிந்துவைத்த உப்பைத் தூவி நீட்டுகிறான். அத்தனை தத்துவங்களிலும் தேடிக் கிடைக்காதது பியருக்கு அந்தக் கவளத்தில் கிடைக்கிறது.

கேள்வி: முடிவுரையில் நத்தாஷா பருத்த இல்லத்தரசியாகிவிடுகிறாள். ஏமாற்றமாக இருக்கிறதே?

பதில்: எனக்கும் முதல் வாசிப்பில் அப்படித்தான் இருந்தது. ஆனால் 1820இல் நடக்கும் அப்பகுதியில் அவளை மணந்த பியரைக் கவனியுங்கள்: அவர் இரகசியச் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார். 1825இல் சார் ஆட்சியை எதிர்த்த திசம்பரிஸ்டுகளின் எழுச்சி தோற்று, பலர் சைபீரியாவுக்கு அனுப்பப்பட்டதை ருஷ்ய வாசகர் அறிவார். அங்கிருந்து திரும்பும் ஒருவரைப் பற்றி எழுதத் தொடங்கித்தான் டால்ஸ்டாய் பின்னோக்கிச் சென்று 1805ஐ அடைந்தார்.