பசியாறியாச்சா? இங்கிலீஷில் சொல்லுங்க!

பினாங்கில் ரொம்ப வருஷம் இங்கிலீஷ் டியூஷன் எடுத்தவள் நான். இறந்தகாலம், ஹேவ்-ஹேஸ்-ஹேட் சேர்ந்து வரும் பர்ஃபெக்ட் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில்கள் இங்கே.

பிறையிலிருந்து ஒருவர்: டீச்சர், ஆபீஸில் "ஐ ஈட் ஆல்ரெடி" என்கிறோமே, தப்பா?

கடையில் பேசும்போது தப்பில்லை, நானே சொல்வேன். மலாய் வினைச்சொல் காலத்துக்காக உருமாறாது. 'சுடா மாக்கான்' (சாப்பிட்டாச்சு) என்றால் வேலை முடிந்தது. அந்த 'சுடா'தான் 'ஆல்ரெடி'யாக வந்து உட்கார்ந்திருக்கிறது. பரீட்சையில் மட்டும் "ஐ ஹேவ் ஈட்டன்" என்று எழுதுங்கள்.

பட்டர்வொர்த் தம்பி: "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் எஸ்.பி.எம். இன் 2019" (எஸ்.பி.எம். நம் பள்ளி இறுதிப் பரீட்சை) என்றேன். இன்டர்வியூவில் திருத்தினார்கள். ஏன்?

தமிழில் '2019-இல் முடித்திருக்கிறேன்' என்பது காதுக்கு உறுத்தாது, அதனால் வந்த வினை. இங்கிலீஷில் முடிந்துபோன ஆண்டோ, நேற்றோ, 'அகோ'வோ வந்தால் ஹேவ் கூடாது: "ஐ கம்ப்ளீட்டட்". ஆண்டைச் சொல்லாவிட்டால் ஹேவ் தாராளமாக வரலாம். 'சின்ஸ் 2019' என்றாலும் வரும், ஏனென்றால் அது இன்றுவரை நீள்கிறது: "ஐ ஹேவ் ஒர்க்ட் ஹியர் சின்ஸ் 2019".

ஜெலுத்தோங் அக்கா: ஹேஸ் கான், ஹேஸ் பீன் இரண்டும் ஒன்றுதானே?

இதில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குவது, அக்கா. தைப்பூசத்தன்று அப்பாவைத் தேடி போன் வருகிறது. "அப்பா தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போயிருக்கிறார்" என்கிறீர்கள். தமிழில் இதற்கு இரண்டு பொருள்: இப்போது அங்கே இருக்கிறார், முன்பு எப்போதோ போய் வந்தவர். எது என்பதைக் கேட்பவரே இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறார். இங்கிலீஷில் இதை நாமே பிரித்துச் சொல்லியாக வேண்டும். ஆள் இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹீ ஹேஸ் கான்". போய் வந்த அனுபவம் உண்டு என்றால் "ஹீ ஹேஸ் பீன்". அந்த போனில் "ஹேஸ் பீன்" என்று சொல்லிவிட்டால், "சரி, அவரிடம் கொடுங்க" என்பார்கள்!

அதே அக்கா: அப்படியானால் ஹேட் எதற்கு?

நடந்த இரண்டில் முந்தியது எது என்று காட்ட. "வென் வீ ரீச்ட் த ஜெட்டி, த ஃபெரி ஹேட் லெஃப்ட்" என்றால் நாம் போகும் முன்பே ஃபெரி கிளம்பியிருந்தது. ஹேட் இல்லாமல் "த ஃபெரி லெஃப்ட்" என்றால், நாம் போய்ச் சேர்ந்ததும் கண்ணெதிரே கிளம்பியது என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இன்னொருவர்: "டிட் யூ வென்ட்?"

கூடாது. டிட்டே இறந்தகாலத்தைச் சுமக்கிறது. "டிட் யூ கோ".

ஓர் அம்மா: என் மகள் walked என்பதை 'வாக்கெட்' என்று படிக்கிறாள்.

வாக்ட், ப்ளேய்ட் என்று ஒட்டிச் சொல்லச் சொல்லுங்கள். வினை 't', 'd' ஒலியில் முடிந்தால் மட்டுமே தனி அசை: வாண்டெட், நீடெட்.

அவரே: கோ ஏன் வென்ட் ஆகிறது என்றும் கேட்கிறாள், டீச்சர்!

கெட்டிக்காரி. வென்ட் என்பது கோவின் பிள்ளையே இல்லை. 'வெண்ட்' (wend) என்று ஒரு பழைய வினை, அதன் இறந்தகாலத்தை கோ தத்தெடுத்துக்கொண்டது.