ஊர் ஏரியைத் தூர்வார ஒரு கம்பெனி பணம் தருகிறது. அரசு, கம்பெனி, ஊர் மூன்றையும் எப்படி ஒன்றுசேர்ப்பது?

பணம் கிடைத்துவிட்டது என்கிறீர்கள், நல்லது, ஆனால் இதில் சுலபமான பகுதியே அதுதான். 2013 கம்பெனிகள் சட்டத்தின் 135வது பிரிவுப்படி, ஆண்டு நிகர லாபம் 5 கோடியைத் தொட்டாலே முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட்டாக வேண்டும் (வேறு வரம்புகளும் உண்டு). ஆகவே அவர்களும் ஏரி தேடிக்கொண்டுதான் இருப்பார்கள்.

முதல் சிக்கல் காலண்டர். கம்பெனி கணக்கு மார்ச் 31-ல் முடியும், நம் ஏரியோ சித்திரை, வைகாசியில்தான் வற்றும். பிப்ரவரியில் பணத்தைக் கொடுத்து மார்ச்சுக்குள் பில் கேட்டால் ஈரத்தில் பொக்லைன் இறங்காது. அதனால் ஆரம்பத்திலேயே தொடர் திட்டமாக ஒப்புதல் வாங்கச் சொல்லுங்கள், அப்போது மீதித் தொகையைத் தனி வங்கிக் கணக்குக்கு மாற்றி அடுத்த 3 நிதியாண்டுகளுக்குள் செலவழிக்கலாம்.

ஏரி யாருடையது என்று பாருங்கள். பொதுவாக ஆயக்கட்டு, அதாவது ஏரி பாயும் வயல் பரப்பு, 100 ஏக்கருக்கு மேல் என்றால் நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். எழுத்தில் அனுமதி இல்லாமல் ஒரு கூடை மண்ணைக்கூட எடுக்காதீர்கள். எல்லையைச் சர்வேயர் அளந்து கல் நட்ட பிறகுதான் வேலை, இல்லாவிட்டால் பாதியில் ஆக்கிரமிப்புத் தகராறு வந்து எல்லாம் நிற்கும்.

அப்புறம் ஊர். கம்பெனிக்காரர்கள் நடைபாதை, பெஞ்சு, நடுவில் தீவு என்று படம் போட்டுக் காட்டுவார்கள். நான் போன ஒரு கூட்டத்தில் அதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டுப் பின்வரிசையில் ஒரு பெரியவர், "எல்லாம் சரிங்க தம்பி, மதகுல தண்ணி கசியுதே, அதைக் கேக்க ஆளில்லையா?" என்றார். அங்கேதான் விஷயம் இருக்கிறது. எத்தனை கன மீட்டர் மண் அள்ளினோம் என்பது அறிக்கையில் எடுப்பாகத் தெரியும், ஆனால் மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டினால் அங்கே தேங்கும் தண்ணீர் தானாக வயலுக்குப் பாயாது, ஆடு மாடு குடிக்கும், கிணறு ஊறும், அவ்வளவே. மதகு ஷட்டரும் வரத்துக் கால்வாயும் முதலில், தோண்டுவது பிறகு. எடுத்த மண் கரைக்குப் போகிறதா, வயலுக்கா என்பதையும் ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள், மண் வியாபாரம் என்று ஊரில் பேச்சு கிளம்பினால் ஒருவரும் பக்கத்தில் வர மாட்டார்கள்.

வேலை முடிந்த பிறகு யார் பார்த்துக்கொள்வது? மதுரை தானம் அறக்கட்டளை 90களிலிருந்தே கண்மாய்ப் பாசன விவசாயிகளை வயலகம் என்ற பெயரில் சங்கமாகத் திரட்டி, அவர்கள் பங்களிப்பையும் வாங்கித்தான் வேலை செய்கிறது. சொந்தக் காசு போட்டவன் ஷட்டர் உடைந்தால் சும்மா இருக்க மாட்டான்.

பெயர்ப் பலகையைக் கம்பெனி பெரிதாகக் கேட்கும், கொடுத்துவிடுங்கள், அதற்கெல்லாம் சண்டை வேண்டாம். கலுங்கை (ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் வெளியேறும் இடம்) உயர்த்தி இன்னும் கொஞ்சம் தண்ணீர் தேக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் மட்டும் விடாதீர்கள், மேலே நீர்ப்பிடிப்பை ஒட்டிய பட்டா நிலம் முழுகி அடுத்த ஊரோடு வழக்கு வரும்.