லா வெந்தாவின் பதினாறு உருவங்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

மெக்சிகோவின் ஓல்மெக் மக்கள் லா வெந்தாவில் புதைத்த சிலைத்தொகுதியைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். புதைத்தவர்களே பின்னொரு காலத்தில் அதைத் தோண்டிப் பார்த்துவிட்டு மூடினார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நாம் வாசிக்கக்கூடிய குறிப்பு எதையும் விட்டுச்செல்லாத மக்களைப் பற்றி இவ்வளவு உறுதியாக எப்படிச் சொல்ல முடியும்? அகழ்வாளர்களின் கற்பனையாக ஏன் இருக்கக் கூடாது?

ச.

அன்புள்ள ச.,

நீங்கள் கேட்பதற்கான சான்று அந்தச் சிலைகளில் இல்லை. அவற்றின்மேல் கிடந்த மண்ணில் இருந்தது.

தபாஸ்கோ மாநிலத்தின் சதுப்பு நிலத்தில், ஏறத்தாழ கி.மு. 900 முதல் 400 வரை செழித்திருந்த ஊர் லா வெந்தா. கட்டுமானத்துக்கான கல் அருகில் கிடைக்காததால் மண்ணையும் களிமண்ணையும் குவித்தே மேடுகளை எழுப்பினார்கள். அவற்றில் பெரியது சுமார் 30 மீட்டர் உயரம். சிற்பங்களுக்கான பசால்ட் கல் தொலைவிலுள்ள துஸ்த்லா மலைகளிலிருந்து வந்தது. பெருமேட்டுக்கு வடக்கே சிறு மேடுகள் சூழ்ந்த ஒரு முற்றம் உண்டு. அதன் தரையை நிறம்நிறமான களிமண்ணாலும் மணலாலும் அடுக்கடுக்காகப் பூசி வந்திருக்கிறார்கள். இந்த வழக்கம்தான் நமக்கு உதவுகிறது.

1955இல் பிலிப் ட்ரக்கர், ராபர்ட் ஹைசர், ராபர்ட் ஸ்குயர் ஆகியோர் அங்கே அகழ்ந்தபோது, தரைகளுக்கு அடியில் பதினாறு சிறு உருவங்கள் நின்ற நிலையிலேயே கிடைத்தன. ஒவ்வொன்றும் ஒரு சாணுக்கும் குறைவான உயரம். பெரும்பாலானவை ஜேட், செர்பென்டைன் போன்ற பச்சை நிறக் கற்கள். ஒன்று மட்டும் சொரசொரப்பான வேறு கல். அந்த ஒருவர், செங்குத்தாக நட்டு வைக்கப்பட்ட ஆறு நீண்ட கல்கோடரிகளுக்கு முதுகைக் காட்டி நிற்க, மற்றவர்கள் அவரைச் சுற்றி நிற்கிறார்கள். (தலைகள் நீண்டிருப்பதைக் காட்டி வேற்றுக்கிரகவாசிகள் என்று காணொளி வெளியிடுபவர்கள், கைக்குழந்தையின் தலையைக் கட்டி வடிவமைக்கும் வழக்கம் மத்திய அமெரிக்கப் பண்பாடுகளில் பரவலாக இருந்ததை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.)

இந்தக் கூட்டத்தை மணலால் மூடி, அதன்மேல் அடுத்தடுத்துத் தரைகளைப் பூசியிருக்கிறார்கள். அந்தத் தரைகளை வெட்டிக்கொண்டு ஒரு குழி நேராகக் கீழிறங்குகிறது. உருவங்களின் தலைகளும் கோடரிகளின் நுனிகளும் தெரியும் மட்டத்தில் நின்றுவிடுகிறது. நிறம் வாரியாகப் பூசிய தரையை ஒருமுறை உடைத்துத் தோண்டிவிட்டால், அதே மண்ணைத் திரும்பப் போட்டாலும் பழைய வரிசை அமைவதில்லை. குழியை நிரப்பிய மண் கலங்கலாகவும் சுற்றியுள்ள அடுக்குகள் குலையாமலும் இருந்ததால், குழியின் விளிம்பை அகழ்வாளர்களால் வரைந்துகாட்ட முடிந்தது. குழி எந்தத் தரைகளை வெட்டியது என்பதிலிருந்து, புதைத்து நெடுங்காலம் கழித்தே அது தோண்டப்பட்டது என்றும் தெரிகிறது. இதில் கற்பனைக்கு இடமில்லை.

தோண்டியவர்களின் நோக்கம் பற்றிய பேச்சு வேறு வகையானது. சிலைகள் பத்திரமாக இருக்கின்றனவா என்று சரிபார்த்தார்கள் என்பது அனுமானம். ஒன்றையும் எடுக்காமல் திரும்பியதால் அது வலுவான அனுமானம் என்றே நான் கருதுகிறேன். திருட வந்தவன் ஜேட்டை விட்டுப் போயிருக்க மாட்டான். பல தரைகள் மறைத்த பிறகும் பிசகாமல் அதே இடத்தில் தோண்டியிருப்பதால், இடத்தைக் குறித்துவைக்க ஏதோ ஒரு முறை அவர்களிடம் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தப் பதினாறு பேர் நடத்துவது சபையா, சடங்கா, விசாரணையா என்பதற்கு மண்ணில் விடை இல்லை. அங்கே உங்கள் ஐயம் முற்றிலும் நியாயமானது.

இந்தத் தொகுதி மெக்சிகோ நகர அருங்காட்சியகத்தில், கிடைத்த வரிசையிலேயே வைக்கப்பட்டிருக்கிறது. லா வெந்தாவில் கிடைத்த, கல்லில் செதுக்கிய பிரம்மாண்டமான மனிதத் தலைச் சிற்பங்களின் கதை வேறு. பெட்ரோலிய எண்ணெய்த் தொழில் அந்த ஊரை நெருக்கியபோது, கவிஞர் கார்லோஸ் பெயிசெர் அவற்றை வியாஎர்மோசா நகருக்குக் கொண்டுபோய், 1958இல் திறக்கப்பட்ட பூங்காவில் நிறுத்தினார். அவை பிழைத்தது அவரால்தான். ஆனால் அவை எதன் அருகில், எந்தத் திசை நோக்கி இருந்தன என்று கேட்பவர்கள் இன்று பழைய அகழாய்வு வரைபடங்களைத்தான் பார்க்க வேண்டும்.