விலை உயர்ந்த ரோடு பைக்கை நாமே அசெம்பிள் செய்யலாமா? கேள்வி பதில்

முழு பைக்காகக் கடையில் வாங்குவதா, ஃப்ரேமையும் உதிரிகளையும் தனித்தனியே வாங்கிப் பொருத்துவதா என்று பலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். சைக்கிள் பொருத்துவதும் பழுது பார்ப்பதுமே என் தொழில். ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துப் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி: அண்ணா, நாமே அசெம்பிள் செய்தால் எவ்வளவு மிச்சமாகும்?

மிச்சமாகாது, கூடுதலாகத்தான் செலவாகும். சைக்கிள் கம்பெனி கியர் செட்டை ஆயிரக்கணக்கில் வாங்குகிறது, நீங்கள் ஒன்று வாங்குகிறீர்கள். அந்த விலை உங்களுக்குக் கிடைக்காது. கணக்குப் போடும்போது எல்லோரும் ஃப்ரேம், வீல், கியர் செட் என்று பெரியவற்றை எழுதிவிடுகிறார்கள். பாட்டம் பிராக்கெட் (பெடல் கைகளின் அச்சு சுழலும் பேரிங்), டிஸ்க் ரோட்டர், ஸ்பேசர் (உயரம் கூட்டும் வளையம்), பார் டேப், டியூப்லெஸ் வால்வு, சீலன்ட் (டயர் ஓட்டையை அடைக்கும் திரவம்), பேட்டரி சார்ஜர் எல்லாம் பட்டியலில் விட்டுப்போகின்றன. வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரியும் அதன்மேல் ஜி.எஸ்.டி.யும் உண்டு. அந்த வரி, பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் சேர்த்துக் கணக்கிடப்படுகிறது.

ஆனாலும் அசெம்பிள் செய்வது நியாயமாகும் ஓர் இடம் இருக்கிறது. நீங்கள் பார்த்துவைத்திருக்கும் கடை பைக்கை வாங்கினால், முதல் மாதத்திலேயே எதையெல்லாம் கழற்றி மாற்றுவீர்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். சீட்டும் டயரும் மட்டும் என்றால் கடை பைக்கையே வாங்குங்கள். வீல், ஹேண்டில்பார், ஸ்டெம் (ஹேண்டில்பாரை ஃபோர்க்கோடு இணைக்கும் துண்டு), கிராங்க் (பெடல் கை) என்று பட்டியல் நீண்டால், வேண்டாத பொருளுக்குப் பணம் கொடுக்கப்போகிறீர்கள் என்று பொருள். அப்போது தனித்தனியே வாங்குவதே சரி.

கேள்வி: என் உயரம் 5 அடி 4 அங்குலம். எந்த சைஸ் ஃப்ரேம் வாங்குவது?

உயரத்தை மட்டும் வைத்து யாரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் 52-உம் இன்னொரு கம்பெனியின் 52-உம் ஒன்றல்ல. பார்க்கவேண்டியவை ஸ்டாக், ரீச் என்ற இரண்டு அளவுகள். பாட்டம் பிராக்கெட்டின் மையத்திலிருந்து ஹெட் டியூபின் (ஃபோர்க் நுழையும் முன்குழாய்) உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, எவ்வளவு முன்னே இருக்கிறது என்பதை அவை சொல்கின்றன. நல்ல ஃபிட்டரிடம் (உடம்புக்கு ஏற்றபடி சைக்கிளின் அளவுகளைச் சரிசெய்பவர்) போய், இப்போது ஓட்டும் சைக்கிளிலேயே உங்கள் உட்காரும் நிலையைச் சரிசெய்து அளவெடுத்துக்கொள்ளுங்கள். ஃப்ரேம் வாங்குவது அதற்குப் பிறகுதான். இந்த வரிசையை மாற்றாதீர்கள் என்று உங்களைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். லட்சக்கணக்கில் செலவழித்துவிட்டு முதுகுவலியோடு வருகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

உங்களைப் போன்ற உயரம் உள்ளவர்களுக்கு அசெம்பிள் செய்வதில் உண்மையான ஆதாயம் ஒன்று உண்டு. சிறிய சைஸ் பைக்குகளிலும் பல கம்பெனிகள் 170 மி.மீ. கிராங்க்கையும் தோளைவிட அகலமான ஹேண்டில்பாரையும் மாட்டி விற்கின்றன. நீங்களே தேர்ந்தெடுத்தால் 165 மி.மீ. கிராங்க், 38 செ.மீ. பார் என்று உடம்புக்கு ஏற்றபடி வாங்கலாம். உங்களைவிட நன்றாக உயர்ந்த, டூர் டி பிரான்ஸ் வென்ற தடே பொகாச்சாரே 165 மி.மீ. கிராங்க்குக்கு மாறிவிட்டார்.

இன்னொன்று, ஃபோர்க்கின் ஸ்டீரர் குழாயை (ஹெட் டியூபுக்குள் மேலேறும் தண்டு) முதல் நாளே கடைசி அளவுக்கு வெட்டிவிடாதீர்கள். ஸ்டெம்முக்கு மேலே சில ஸ்பேசர்களை விட்டு இரண்டு மூன்று வாரம் ஓட்டுங்கள். முதுகும் கழுத்தும் பழகிய பிறகு வெட்டலாம். வெட்டிய கார்பனை ஒட்ட முடியாது.

கேள்வி: பாட்டம் பிராக்கெட்டில் இத்தனை வகை ஏன்? பிரஸ்-ஃபிட் ஃப்ரேம் வாங்கினால் சத்தம் வரும் என்கிறார்களே?

பிரஸ்-ஃபிட்டில் பேரிங் கிண்ணத்தை ஃப்ரேமின் துளைக்குள் அழுத்தி ஏற்றுகிறார்கள். துளை துல்லியமான வட்டமாக இருந்து, இருபக்கத் துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்தால் சத்தம் வராது. மி.மீ.யில் பத்தில் ஒரு பங்கு பிசகினாலும் ஒவ்வொரு மிதிக்கும் கிரீச்சிடும். பிழை ஃப்ரேமில் இருப்பதால் எத்தனை கிண்ணம் மாற்றினாலும் தீராது. அதனால் வீட்டில் அசெம்பிள் செய்கிறவர்களுக்கு மரை வைத்த ஃப்ரேமையே சொல்வேன். பி.எஸ்.ஏ., டி47 என்ற இரண்டு மரை வகைகளில் எதுவானாலும் நல்லது. ஸ்பெஷலைஸ்ட் கம்பெனியே 2020-இல் டார்மாக் எஸ்.எல்.7 மாடலில் மரை வைத்த பி.எஸ்.ஏ.வுக்குத் திரும்பியது.

பி.எஸ்.ஏ.வில் செயின் இருக்கும் வலப்பக்கம் எதிர்மரை, இடஞ்சுழியாகத் திருப்பினால்தான் இறுகும். வழக்கம்போலத் திருப்பி, பலத்தைக் காட்டி மரையை அழித்துவிடாதீர்கள். கிராங்க் அச்சின் விட்டத்தையும் பாருங்கள். கியர் செட் தயாரிக்கும் ஷிமானோவின் அச்சு 24 மி.மீ., இன்னொரு கம்பெனியான ஸ்ராமின் டப் வகை அச்சு ஏறத்தாழ 29 மி.மீ. ஃப்ரேமுக்கும் கிராங்குக்கும் இரண்டுக்கும் பொருந்தும் பாட்டம் பிராக்கெட்டை வாங்கவேண்டும்.

கேள்வி: சென்னையில் ஈ.சி.ஆர். சாலையில் ஓட்டுகிறேன். வயர் எதுவும் வெளியே தெரியாத ஃப்ரேம்தான் வேண்டும். சரியா?

அழகுக்குச் சரி. கடற்காற்றும் வியர்வையும் முதலில் தாக்குவது ஹெட்செட்டின் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் உள்ள பேரிங் தொகுதி) மேல் பேரிங்கைத்தான். பழைய வகை ஃப்ரேமில் ஸ்டெம்மைக் கழற்றினால் அரை மணி நேரத்தில் அதை மாற்றிவிடலாம். நீங்கள் கேட்கும் வகையில் பிரேக் குழாய்கள் அந்த பேரிங்கின் நடுவே போகின்றன. பேரிங்கை மாற்றக் குழாயைக் கழற்றி, பிறகு பிரேக்கில் எண்ணெய் ஏற்றிக் காற்றெடுக்க வேண்டும். பார் அரை அங்குலம் தாழ்த்தவேண்டும் என்றாலும் சில மாடல்களில் இதே பாடு. கரையோரம் ஓட்டுகிறவர், தானே வேலை செய்ய ஆசைப்படுகிறவர் என்றால் பாரும் ஸ்டெம்மும் தனித்தனியாக இருக்கும் அமைப்பையும், குழாய்கள் ஸ்டெம்முக்கு அடியில் வெளியே போகும் அமைப்பையும் தேர்ந்தெடுங்கள். எந்த வகையானாலும் பேரிங்குக்கும் போல்ட்டுகளுக்கும் கிரீஸ் தாராளமாக இருக்கட்டும்.

கேள்வி: கேபிள் கியரா, எலெக்ட்ரானிக் கியரா?

ஷிமானோவின் 12 கியர் அல்டெக்ரா வரிசை வேண்டுமென்றால் கேள்விக்கே இடமில்லை, அது எலெக்ட்ரானிக்கில் மட்டுமே வருகிறது. கேபிள் வேண்டுமென்றால் ஷிமானோவின் 105 வரிசையில் உண்டு. முதன்முறை அசெம்பிள் செய்கிறவருக்கு ஸ்ராமின் வயர் இல்லாத ஏ.எக்ஸ்.எஸ். எளிது. ஒவ்வொரு டிரெய்லியருக்கும் (செயினைக் கியர் மாற்றித் தள்ளும் பாகம்) தனி பேட்டரி இருப்பதால் ஃப்ரேமுக்குள் கியர் வயரே இல்லை. ஆனால் ஸ்ராம் ரெட், ஃபோர்ஸ் வரிசைக் கேசட்டுகளுக்கு (பின்சக்கரப் பல்சக்கரத் தொகுதி) எக்ஸ்.டி.ஆர். வகை ஹப் வேண்டும். வீல் வாங்கும்போதே இதைச் சொல்லி வாங்குங்கள்.

கேள்வி: டார்க் ரெஞ்ச் (எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் ரெஞ்ச்) கட்டாயமா? கைப்பழக்கம் போதாதா?

கார்பனில் கட்டாயம். ஸ்டெம் போல்ட்டில் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர்தான். ஆனால் பொதுவான எண்ணை நம்பாமல் அந்தந்தப் பொருளின்மேல் அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். கேசட் லாக்ரிங்குக்கு 40 வரை வேண்டும், அதற்குத் தனி ரெஞ்ச். கார்பன் சீட் போஸ்ட்டுக்கு கிரீஸ் போடாதீர்கள், அதற்கென்று வழுக்காமல் பிடிக்கும் நுண்துகள் கலந்த கார்பன் பேஸ்ட் இருக்கிறது. பார், சீட் போஸ்ட் இரண்டும் உடையும்போது முன்கூட்டிச் சொல்லாது. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது.

கேள்வி: டிஸ்க் பிரேக்கை வீட்டிலேயே பொருத்தலாமா?

பொறுமை இருந்தால் முடியும். ஷிமானோவுக்கு மினரல் ஆயில், ஸ்ராம் ரோடு பிரேக்குக்கு டாட் 5.1 என்ற பிரேக் திரவம். ஒன்றில் மற்றதை ஊற்றினால் உள்ளே இருக்கும் ரப்பர் சீல் கெட்டு பிரேக்கே போய்விடும். குழாயை வெட்டும் ஒவ்வொரு முறையும் புது ஆலிவும் (குழாயை இறுக்கும் சிறு உலோக வளையம்) முனைக்குழலும் போடவேண்டும். முடிந்தபின் லிவரை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்து, எங்கும் கசிகிறதா என்று பாருங்கள்.

கேள்வி: 7 கிலோவுக்குள் கட்டவேண்டும் என்பது என் இலக்கு.

பந்தயங்களுக்கு யு.சி.ஐ. (சர்வதேச சைக்கிள் பந்தயக் கூட்டமைப்பு) வைத்திருக்கும் குறைந்தபட்ச எடையே 6.8 கிலோ. உங்கள் எடை 70 கிலோ, பைக் 8 கிலோ என்று கொள்வோம். பைக்கில் ஒரு கிலோ குறைத்தால் ஒரு மணி நேர மலையேற்றத்தில் ஏறத்தாழ முக்கால் நிமிடம் மிச்சம். கடைசி அரை கிலோவுக்குத்தான் பணம் கொட்டும். அதை நல்ல டயருக்கும் ஃபிட்டருக்கும் கொடுங்கள்.

கேள்வி: பெரிய இத்தாலியக் கம்பெனி ஃப்ரேம் இணையத்தில் கால் விலைக்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வேண்டாம். அது போலி. சொந்தப் பெயரிலேயே விற்கும் சீனத் தயாரிப்பாளர்களில் நல்லவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குவது வேறு விஷயம். பிறர் பெயரை ஒட்டி விற்பவர் உள்ளே கார்பனை எப்படி அடுக்கினார் என்று உங்களுக்குத் தெரியாது. மலை இறக்கத்தில் 60 கி.மீ. வேகத்தில் அதன்மேல் உட்காரப் போகிறவர் நீங்கள்.

கேள்வி: பஞ்சர் ஒட்டுவதைத் தவிர வேறெதுவும் தெரியாது, ஆனால் ஆசை இருக்கிறது. எங்கே தொடங்குவது?

தம்பி, இப்போது ஓட்டும் சைக்கிளை முழுவதும் பிரித்து, துடைத்து, கிரீஸ் போட்டு மறுபடி பூட்டு. கியரை நீயே சரிசெய், பார் டேப்பை நீயே சுற்று. அதில் கை பழகிய பிறகு ஃப்ரேம் வாங்கு. பாட்டம் பிராக்கெட், ஸ்டீரர் வெட்டுவது, பிரேக் எண்ணெய் ஆகிய மூன்றையும் முதல் பைக்குக்குக் கடையில் கொடு. மெக்கானிக்கிடம் பக்கத்தில் நின்று பார்க்க அனுமதி கேள். விருப்பத்தோடு கேட்கிறவனுக்குச் சொல்லித்தர மறுக்கிற மெக்கானிக்குகள் மிகக் குறைவு.