பக்கத்து நெட்வொர்க்குடன் பிஜிபி (நெட்வொர்க்குகள் ஒன்றுக்கொன்று வழி சொல்லிக்கொள்ளும் நெறிமுறை) செஷன் போடும்போது எம்டி5 கீ (இருபக்கமும் வைத்திருக்கும் ரகசியச் சொல்) அவசியமா, ஃபயர்வால் மட்டும் போதாதா?

போட்டுவிடுங்கள். ஆனால் அது செஷனைத்தான் காக்கும், அதன் வழியே வரும் ரூட்டுகளை அல்ல.

பிஜிபி ஓடுவது டிசிபி 179 போர்ட்டில். யாரோ ஒருவர் உங்கள் பக்கத்து ரவுட்டரின் ஐபியைப் போலியாகப் போட்டு ஒரு ரீசெட் பாக்கெட் அனுப்புகிறார். அனுப்புநர் ஐபி சரியாக இருப்பதால் ஃபயர்வால் விட்டுவிடும். அதன் வரிசை எண், எதிர்முனை அப்போது ஏற்கும் எண் வரம்புக்குள் (விண்டோ) விழுந்தால் செஷன் அறுந்துவிடும். எண்ணை அச்சாக ஊகிக்கக்கூடத் தேவையில்லை என்பது 2004-ல் பெரிதாகப் பேசப்பட்டபோதுதான் பலர் அவசரமாகக் கீ போட்டார்கள். கீ போடும் வழிமுறையோ 1998-லேயே ஆர்.எஃப்.சி (இணைய நெறிமுறை ஆவணம்) 2385-ஆக வந்திருந்தது.

கீ போட்டால் ஒவ்வொரு செக்மென்ட்டோடும் (டிசிபி துண்டு) அதையும் கீயையும் சேர்த்துக் கணக்கிட்ட 16 பைட் டைஜஸ்ட் ஒன்று போகும். பொருந்தாவிட்டால் எதிர்முனை பதிலே சொல்லாமல் பாக்கெட்டைத் தூக்கிப்போட்டுவிடும். புதியவர்களைக் குழப்புவது இதுதான்: பிங் போகும், செஷன் மட்டும் ஏறாது. எதிர்முனையோடு சண்டைக்குப் போகுமுன் லாகில் எம்டி5 பற்றி ஏதாவது வரி இருக்கிறதா பாருங்கள். காப்பி செய்தபோது கீயின் கடைசியில் ஒட்டிக்கொண்ட ஒரு ஸ்பேஸ் போதும். (கீயை மெயிலில் அனுப்பியதே தப்பு, அது தனிக்கதை.)

கீ ரூட்டுகளைக் காக்காது என்றேனே: 2008-ல் பாகிஸ்தான் டெலிகாம் யூடியூபின் முகவரிகளில் ஒரு /24-ஐத் (256 முகவரிகள் கொண்ட தொகுதி) தன்னுடையதாக அறிவித்து உலகம் முழுக்கப் பரவியதே, அங்கே யாரும் செஷனை உடைக்கவில்லை. முறையான செஷன் வழியாகவே தவறான ரூட் போனது. அதற்கு மருந்து ப்ரிஃபிக்ஸ் ஃபில்டரும் (எந்த முகவரித் தொகுதிகளை ஏற்கலாம் என்ற பட்டியல்) ஆர்பிகேஐயும் (ஒரு தொகுதியை அறிவிக்க யாருக்கு உரிமை என்று கையொப்பத்தோடு சரிபார்க்கும் முறை).

உண்மையான தலைவலி கீயை மாற்றுவது. எம்டி5 முறையில் கீக்கு எண் கிடையாது. ஹோல்ட் டைமர் (எதிர்முனையிடமிருந்து எதுவும் வராவிட்டால் செஷனை முடிக்கும் கெடு) தீர்வதற்குள் இரண்டு பக்கமும் மாற்றியாக வேண்டும். சில கருவிகள் மாற்றியதுமே செஷனை ரீசெட் செய்துவிடும். 90 நாளுக்கு ஒருமுறையாவது மாற்றச் சொல்கிறது ஆர்.எஃப்.சி 3562. அப்படி மாற்றுபவர்களை நான் பார்த்ததில்லை! எல்லாப் பக்கத்து நெட்வொர்க்குக்கும் ஒரே கீ வைத்திருப்பவர்களைத்தான் பார்த்திருக்கிறேன். ஒருவரிடம் கசிந்தால் அத்தனையும் போச்சு.

எம்டி5-க்கு மாற்றாக 2010-ல் வந்த டிசிபி-ஏஓ பல கீகளை எண்ணோடு வைத்துக்கொள்ளும், செஷன் விழாமல் மாறலாம். லினக்ஸ் கெர்னலுக்கு அது 6.7 பதிப்பில்தான் வந்தது. இருமுனையும் ஆதரித்தால் எம்டி5 பக்கமே போகாதீர்கள்.

நேரடி இணைப்பாக இருந்தால் டிடிஎல் (ஒவ்வொரு ரவுட்டரைத் தாண்டும்போதும் ஒன்று குறையும் எண்) 255 சோதனையையும் போடுங்கள். ஒரு ரவுட்டரைத் தாண்டி வந்த பாக்கெட்டிலேயே அது 254 ஆகியிருக்கும், உள்ளே வராது. இதற்கு ரகசியமும் வேண்டாம், மாற்றும் தொல்லையும் இல்லை. எம்டி5 கீ, இது என்ற இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் இதைத்தான் எடுப்பேன்.