50 வயதுக்கு மேல் வாக்கிங் ஆரம்பித்தால் குதிகால் வலி வருகிறது. எப்படித் தொடங்கினால் 70 தாண்டியும் நடக்கலாம்?

கேள்வியில் சொல்லியிருப்பது: வயது 56, உட்கார்ந்து பார்க்கும் வேலை, ஒரு நாளைக்கு 3,000 ஸ்டெப்ஸுக்கு மேல் நடந்த பழக்கமில்லை. ஸ்மார்ட்வாட்ச் கட்டிக்கொண்டு முதல் நாளிலிருந்தே 10,000. மூன்றாவது வாரம், காலையில் கட்டிலை விட்டு இறங்கிக் காலை ஊன்றினால் குதிகாலில் ஊசி குத்துவது போல வலி. அத்தோடு வாக்கிங் நின்றுவிட்டது.

தப்பு நடையில் இல்லை, கணக்கில் இருக்கிறது. 3,000லிருந்து 10,000 என்றால் தினமும் 7,000 கூடுதல். ஒவ்வொரு குதிகாலும் 3,500 முறை கூடுதலாகத் தரையில் இடிக்கிறது. மூன்று வாரத்தில் 73,500 முறை. இதயமும் மூச்சும் இரண்டு மூன்று வாரத்தில் ஓரளவு பழகிவிடும். இரைப்பு குறைந்ததும் ‘இன்னும் கொஞ்சம் போகலாமே’ என்று தோன்றும். குதிகால் எலும்பிலிருந்து விரல்கள் வரை உள்ளங்காலில் ஓடும் நார்ப்பட்டையும், கெண்டைச் சதையைக் குதிகாலோடு கட்டிவைத்திருக்கும் தசைநாரும் அப்படி இல்லை. ரத்த ஓட்டம் குறைவான திசுக்கள் அவை. புதிய சுமைக்கு ஏற்ப உறுதிப்பட மாதக்கணக்கில் ஆகும், வயது ஏற ஏற இன்னும் தாமதமாகும். மூச்சு தயாரான நாளில் கால் தயாராகியிருக்காது. வேகத்தைக் காலைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும்.

10,000 என்பது மருத்துவர்கள் சோதித்து வைத்த இலக்கும் அல்ல. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸுக்கு மறுவருடம் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவிக்கு ‘மன்போ-கேய்’ என்று பெயர் வைத்தார்கள். பத்தாயிரம் காலடி மீட்டர் என்று அர்த்தம். பெயர் நன்றாக இருந்தது, எண் ஒட்டிக்கொண்டது. சராசரி வயது 72 உள்ள சுமார் 16,700 பெண்களைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளிவந்த ஆய்வில், நாளுக்கு 2,700 ஸ்டெப்ஸ் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடையே இறப்பு தெளிவாகக் குறைவாக இருந்தது. 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆரோக்கியமாக இருப்பவர்கள்தான் அதிகம் நடப்பார்கள் என்பதால் இதை அப்படியே சத்தியவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனாலும் 7,000–7,500ஐ எட்டினால் போதும், அதற்கு மேல் நடப்பது ஆசைக்கு.

இப்போது குதிகால். நீங்கள் சொல்லும் வலி, அதாவது எழுந்ததும் முதல் பத்துப் பதினைந்து அடிக்குக் கடுமையாக இருந்து, நடக்க நடக்கக் குறைந்து, மாலையில் மறுபடி தலைகாட்டுவது, பெரும்பாலும் அந்த நார்ப்பட்டை வலிதான். முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும், ஆனால் நார் வலுவாகாது. அதனால் மறுபடி நடந்தால் மறுபடி வரும். நடையைப் பாதியாகக் குறையுங்கள், நிறுத்தாதீர்கள். கட்டிலை விட்டு இறங்குமுன், கால்விரல்களைக் கையால் பிடித்து முழங்கால் பக்கமாக இழுத்து 10 எண்ணும்வரை வையுங்கள், பத்து முறை. பகலில் சுவரில் கை ஊன்றி, வலிக்கும் காலைப் பின்னால் வைத்து, குதிகால் தரையை விட்டு எழாமல் 30 விநாடி முன்னால் சாயுங்கள். முழங்கால் நேராக மூன்று முறை, லேசாக மடக்கி மூன்று முறை. வீட்டுக்குள் வெறுங்காலோடு கெட்டித் தரையில் நடப்பதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். குதிகாலை இரு பக்கமும் விரல்களால் அழுத்தும்போது வலித்தால், அல்லது ராத்திரி படுத்திருக்கும்போதும் வலித்தால், கதை வேறு. எலும்பில் நுண்முறிவு இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள்.

கூட்டுவதற்கு ஒரு கணக்கு. வழக்கமாக எவ்வளவு நடக்கிறீர்கள் என்று ஒரு வாரம் எதையும் மாற்றாமல் குறித்துக்கொள்ளுங்கள். அதன்மேல் நாளுக்கு 1,000 ஸ்டெப்ஸ், அதாவது சுமார் பத்து நிமிடம். இரண்டு வாரம் அதிலேயே இருந்துவிட்டு அடுத்த 1,000. 3,000லிருந்து 7,000க்கு வர எட்டு வாரம் ஆகும். நேரம், வேகம், ஏற்றம் மூன்றில் ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். நடக்கும்போது பத்துக்கு மூன்று அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலை அது பழைய அளவுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை என்றால் முந்தின நாள் நடந்தது அதிகம். மூன்றில் ஒரு பங்கு குறையுங்கள்.

ஒரே மூச்சில் நடக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனம், ஒரு தடவைக்குக் குறைந்தது பத்து நிமிடம் என்ற பழைய நிபந்தனையை 2020இல் எடுத்துவிட்டது. சர்க்கரை இருப்பவர்களுக்கு ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் 15 நிமிடம் நடப்பது தனிப்பலன் தரும். குடலிலிருந்து சர்க்கரை ரத்தத்துக்கு ஏறும் அதே நேரத்தில் கால் தசைகள் அதை எடுத்துக்கொள்கின்றன.

எண்ணிக்கை நிலைத்த பிறகுதான் வேகம். 15 விநாடி எண்ணிப் பாருங்கள்: 25 ஸ்டெப்ஸ் வந்தால் நிமிடத்துக்கு 100, மிதமான வேகம். பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் தரும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு நாடித்துடிப்பு முழுதாக ஏறாது என்பதால் வாட்ச் காட்டும் எண்ணைவிட இந்தப் பேச்சுச் சோதனையே நம்பகமானது. ஜப்பானின் ஷின்ஷூ பல்கலைக்கழகத்தில் நடுவயதுக்காரர்களையும் முதியவர்களையும் வைத்துச் சோதித்த முறை ஒன்று உண்டு: 3 நிமிடம் வேகமாக, 3 நிமிடம் மெதுவாக, ஐந்து சுற்று, வாரத்தில் நான்கு நாள். சீராக நடந்தவர்களைவிட இவர்களுக்குக் கால் வலு கூடியது, ரத்த அழுத்தமும் இறங்கியது. ஆரம்பத்திலேயே இதில் இறங்காதீர்கள். எட்டு வாரம் கழித்து, முதலில் இரண்டு சுற்று.

வேகம் என்றதும் காலை எட்டி எட்டிப் போடுகிறார்கள். முழங்காலுக்கு வெகு முன்னால் குதிகால் விழுந்தால் ஒவ்வொரு அடியும் ஒரு பிரேக், ‘தொப்’ என்று சத்தம் கேட்கும். அந்த இடி முழங்காலுக்குப் போகிறது. பின்கால் பெருவிரலால் தரையைத் தள்ளுவதில்தான் வேகம் இருக்கிறது. முழங்கையை மடக்கிக் கையைச் சற்று வேகமாக வீசினாலே அடி தானாகச் சிறிதாகி வேகமாகும்.

ஷூ பற்றி நீட்ட வேண்டியதில்லை. கால் சற்று வீங்கியிருக்கும் மாலையில் வாங்குங்கள், நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். மடக்கிப் பார்த்தால் விரல்கள் தொடங்கும் இடத்தில் மடங்க வேண்டும்; நடுவில் மடங்கினால் வாங்காதீர்கள். 500–800 கிலோமீட்டரில் அடியிலுள்ள மெத்தை செத்துவிடும், மேலே புதிதாகத் தெரிந்தாலும்.

எழுபது தாண்டியும் நடக்க வேண்டுமானால் வாக்கிங் மட்டும் போதாது. சமதளத்தில் நடப்பது தொடையையும் இடுப்பையும் கொஞ்சம்தான் வேலை வாங்குகிறது. தசை அதுபாட்டுக்குக் கரையும். சுமார் 43 செ.மீ. உயரமுள்ள நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று பாருங்கள். 60–64 வயதில் ஆணுக்கு 14க்கும் பெண்ணுக்கு 12க்கும் கீழே என்றால் கால் வலு குறைவு; 70–74இல் அந்த எல்லை 12, 10. குறைவோ நிறைவோ, அதையே பயிற்சியாக்குங்கள்: பத்துப் பத்தாக மூன்று சுற்று, வாரம் மூன்று நாள், மெதுவாக உட்கார்ந்து. தடாலென்று விழுந்து உட்கார்ந்தால் பாதிப் பலன் போயிற்று. பல் தேய்க்கும்போது ஒரு கையால் வாஷ்பேசினைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக்காலில் நிற்பது தடுமாற்றத்துக்கு நல்லது.

வயதானவர்கள் நடையை விடுவது பல சமயம் காலால் அல்ல. மேலும் கீழும் வேறு பவர் உள்ள பைஃபோகல் கண்ணாடியில் குனிந்து பார்த்தால் தரை மங்கும், படி தவறும். வெளியே நடக்கத் தூரப் பார்வைக்கு மட்டும் தனிக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம். நீர் பிரியும் மாத்திரை போட்ட கையோடு கிளம்பினால் பாதி வழியில் அவஸ்தை. இதை வெளியே சொல்லக் கூச்சப்பட்டே பலர் வீட்டோடு முடங்குகிறார்கள். மாத்திரை நேரத்தை மாற்றலாமா என்று மருத்துவரைக் கேட்டால் தீரக்கூடிய விஷயம். கைத்தடி தேவைப்பட்டால் வலிக்கும் காலுக்கு எதிர்க் கையில் பிடியுங்கள். கையைத் தொங்கவிட்டு நின்றால் அதன் பிடி மணிக்கட்டு மடிப்புக்கு நேராக வர வேண்டும்.

நடந்தால் கெண்டைக்கால் கவ்விப் பிடிக்கிறதா? நின்ற இடத்திலேயே ஓரிரு நிமிடத்தில் விட்டால் காலுக்குப் போகும் ரத்தக்குழாயில் அடைப்பு இருக்கலாம். நின்றால் விடாமல், உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடுகிறது என்றால் முதுகுத் தண்டில் நரம்பு நெருக்கப்படுவது. இரண்டையும் ‘வயசாச்சு’ என்று தள்ளக் கூடாது. நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, குளிர்ந்த வியர்வை வந்தால் அங்கேயே உட்கார்ந்து ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், நடந்து வீடு வந்து சேர முயல வேண்டாம். இன்சுலின் போடுபவர்கள் பையில் 15 கிராம் குளுக்கோஸ் இல்லாமல் கிளம்பக் கூடாது. பாதம் மரத்திருந்தால் வந்ததும் சாக்ஸைக் கழற்றி, விரலிடுக்கையும் அடிப்பாதத்தையும் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துப் பாருங்கள். அங்கே கொப்புளம் வந்தாலும் வலிக்காது.