பசுமைச் சான்று பெற்ற விடுதியில் மாணவர் தரவுக்கும் அப்படியொரு சான்று போதுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே எங்கள் உண்டு உறைவிடப் பள்ளிக்குப் புதிய விடுதி கட்டவிருக்கிறோம். பசுமைக் கட்டடத் தரச்சான்று பெற்றுத்தர ஓர் ஆலோசகரை அமர்த்தியுள்ளோம். வெந்நீர்ச் சிக்கனத்துக்காக ஒவ்வொரு மாணவருக்கும் அட்டை கொடுத்து அவரவர் பயன்பாட்டைப் பதிவு செய்யலாம், இரவு வருகைப் பதிவுக்கு முகமறி கருவி வைக்கலாம் என்கிறார் அவர். கருவி விற்பவரோ, தங்கள் செயலிக்கு அமெரிக்கக் குழந்தைகள் தனியுரிமைச் சட்டத்தின்கீழ் முத்திரை கிடைத்துள்ளது என்கிறார். கட்டடத்துக்கு ஒன்று, தரவுக்கு ஒன்று என இரு சான்றுகளும் கையில் இருந்தால் போதுமா?
– விடுதிப் பொறுப்பாளர், கோத்தகிரி

பதில்: போதாது. உங்கள் கேள்வி கட்டடத்தின் பசுமைச் சான்றையும் மாணவர் தரவுக்கான சட்டத்தையும் ஒரே தட்டில் வைக்கிறது. ஆனால் ஒன்று உரிமையாளர் விரும்பி ஏற்கும் மதிப்பீடு, மற்றொன்று விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் கட்டுப்படுத்தும் சட்டம். அமெரிக்காவின் குழந்தைகள் இணையத் தனியுரிமைச் சட்டம் 1998இல் இயற்றப்பட்டது. ‘லீட்’ என்னும் பசுமைக் கட்டடத் தரமதிப்பீட்டின் முதல் முன்னோட்ட வடிவமும் அதே ஆண்டில்தான் வந்தது. வயது ஒன்றாக இருந்தாலும் இரண்டும் இயங்கும் முறை முற்றிலும் வேறு.

பசுமைத் தரமதிப்பீடு புள்ளிக் கணக்கில் நடக்கிறது. லீட் முறையில் மொத்தம் 110 புள்ளிகள். 40 பெற்றால் சான்று, 60 பெற்றால் தங்கம், 80 பெற்றால் பிளாட்டினம். இந்தியப் பசுமைக் கட்டட மன்றத்தின் மதிப்பீடும், ‘கிரிகா’ என்னும் மற்றோர் இந்தியத் தரமதிப்பீடும் ஏறத்தாழ இதே போக்கில் செல்பவைதாம். சில அடிப்படைத் தேவைகளைக் கட்டாயம் நிறைவேற்ற வேண்டும் என்றாலும், அவற்றுக்கு அப்பால் ஓரிடத்தில் இழந்ததை வேறோரிடத்தில் ஈட்டிக்கொள்ளலாம். மூடுபனி நாள்களில் சூரிய வெந்நீர்க் கலன் சரிவர வேலை செய்யாத கோத்தகிரியில் அதனால் குறையும் புள்ளியை, குளிர்சாதனமே தேவைப்படாத அறைகளாலும் பகல் வெளிச்சத்தாலும் ஈடுகட்ட முடியும். சட்டத்தில் இந்த ஈடுகட்டலுக்கு இடமில்லை. மாணவர் தரவை எவ்வளவு பத்திரமாகப் பூட்டி வைத்தாலும், பெற வேண்டிய பெற்றோர் ஒப்புதலைப் பெறாத குறை அப்படியே நிற்கும். கட்டடத் துறையிலும் இந்த வேறுபாடு நீங்கள் அறிந்ததே: மழைநீர் சேகரிப்பு மதிப்பீட்டில் புள்ளி தரும் அம்சம், ஆனால் தமிழ்நாட்டில் 2003 முதல் அது சட்டக் கட்டாயம், மலைப்பகுதிக் கட்டட விதிகளின் உயர வரம்பை எந்தப் பிளாட்டினமும் தளர்த்தாது.

இனி உங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்துக்கு வருவோம். அது அமெரிக்கச் சட்டமன்று, இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. அதன் விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. பெற்றோர் ஒப்புதல் உள்ளிட்ட முதன்மைக் கடமைகள் அதிலிருந்து 18 மாதங்களில் நடைமுறைக்கு வருகின்றன. அமெரிக்கச் சட்டம் 13 வயதுக்குட்பட்டோரைக் காக்கிறது. நம்முடையது 18 வயதுக்குட்பட்ட அனைவரையும் குழந்தையாகக் கொள்வதால், உங்கள் பிளஸ் டூ மாணவர்களில் பெரும்பாலோரும் அதனுள் அடங்குவர். சட்டத்தின் 9ஆம் பிரிவு மூன்றைச் சொல்கிறது: சரிபார்க்கத்தக்க பெற்றோர் ஒப்புதல் வேண்டும், குழந்தையின் நலனுக்குக் கேடு தரும் வகையில் தரவைக் கையாளக் கூடாது, குழந்தையைப் பின்தொடர்வதோ நடத்தையைக் கண்காணிப்பதோ குழந்தையை இலக்காக்கும் விளம்பரமோ கூடாது. மீறினால் அபராதம் 200 கோடி ரூபாய் வரை செல்லலாம்.

கல்வி நிறுவனங்களுக்கு ஒரு விலக்கு உண்டு என்பதை விற்பனையாளர்கள் அடிக்கடி சுட்டிக்காட்டுவார்கள். அதன் எல்லையை அவர்கள் சொல்வதில்லை. கல்விச் செயல்பாட்டுக்காகவோ, சேர்ந்துள்ள மாணவர்களின் பாதுகாப்புக்காகவோ கண்காணிப்பதற்கு மட்டுமே அது பொருந்தும். குழந்தையின் நலனுக்குக் கேடு கூடாது என்ற தடையும், தரவைப் பாதுகாக்கும் கடமையும் அப்போதும் நீங்குவதில்லை. இரவில் எல்லாரும் விடுதிக்குத் திரும்பினார்களா என்று பார்ப்பது பாதுகாப்பு. அது விலக்குக்குள் வரும். ஆனால் யார் எத்தனை நிமிடம் குளித்தார் என்று ஆண்டு முழுவதும் பெயர்வாரியாகப் பதிவு செய்வது, என் கணிப்பில், கல்வியும் ஆகாது, பாதுகாப்பும் ஆகாது. விலக்கு இல்லையென்றால் பெற்றோரிடம் கையெழுத்து வாங்கிவிடலாமே என்று நினைக்க வேண்டாம்: ஒப்புதல் ஒரு நிபந்தனை, கண்காணிப்புத் தடை தனி நிபந்தனை, முன்னது பின்னதை நீக்காது.

நல்ல வேளையாக, சிக்கனத்துக்கு அந்த அட்டையே தேவையில்லை. மாடிக்கு ஒரு நீர்மானி, வெந்நீர்க் குழாய்க்குத் தனி மானி என்று வைத்தாலே எங்கே வீணாகிறது என்று தெரியும். அந்த எண்ணில் எந்தக் குழந்தையின் பெயரும் இருக்காது. அறையின் காற்றோட்டம் அறியக் கரியமில வாயுவை அளக்கும் கருவி வைத்தாலும் அப்படியே. முகமறி கருவியையும் நான் பரிந்துரைக்கமாட்டேன். கசிந்த கடவுச்சொல்லை மாற்றலாம், குழந்தையின் முகத்தை மாற்ற முடியாது; விடுதிக் காப்பாளர் பெயர் கூப்பிட்டுப் பதிவேட்டில் குறிப்பதே அந்தத் தேவைக்குப் போதும்.

செயலியின் முத்திரை பற்றி. பசுமைச் சான்றுக்கு நெருங்கிய உறவு உண்டென்றால் அது சட்டத்தோடன்று, இந்த முத்திரையோடுதான். அமெரிக்கச் சட்டம், தன் கூட்டாட்சி வணிக ஆணையம் ஏற்ற தனியார் அமைப்புகள் செயலிகளைச் சோதித்துச் சான்றளிக்க இடம் தருகிறது. அத்தகைய முத்திரை வழங்கி வந்த ட்ரஸ்ட்இ நிறுவனம், ஆண்டுதோறும் மறுசோதனை செய்வதாகச் சொல்லிவிட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை அதைச் செய்யவில்லை என்று ஆணையம் 2014இல் குற்றஞ்சாட்டியது; 2 லட்சம் டாலர் கட்டி அந்த வழக்கு முடிந்தது. 2021இல் அரிஸ்டாட்டில் என்ற வேறொரு நிறுவனம் அந்தப் பட்டியலிலிருந்தே நீங்கியது. கட்டடச் சான்றுகளிலும் ‘கிரிகா’ போன்றவை குறித்த காலத்துக்கே செல்லும், பிறகு மறுமதிப்பீடு வேண்டும். இரண்டிலும் கேட்க வேண்டியது, கடைசியாக யார், எப்போது வந்து பார்த்தார் என்பதே. அதோடு, அமெரிக்க முத்திரை இந்தியச் சட்டத்தின்கீழ் உங்கள் பொறுப்பைக் குறைக்காது. தரவைக் கையாளும் பொறுப்பு பள்ளியுடையது, கருவி விற்றவருடையதன்று.

ஆகவே மின்கம்பி வரைபடம் உறுதியாகும் முன்பே ஆலோசகரிடம் எழுத்தில் கேளுங்கள்: எந்தக் கருவி எந்தப் புள்ளிக்காக, அது தனி மாணவரை அடையாளம் காட்டுமா, காட்டாத மாற்று உண்டா? விற்பனையாளருடன் போடும் ஒப்பந்தத்தில் தரவு எங்கே இருக்கும், மாணவர் பள்ளியை விட்டபின் எப்போது அழிக்கப்படும், கசிவு நேர்ந்தால் எத்தனை மணி நேரத்தில் உங்களுக்குச் சொல்வார் என்பவை இருக்கட்டும். கசிவின் விரிவான அறிக்கையைத் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்தில் நீங்கள் தர வேண்டியிருக்கும் என்பதால், அவருக்கு அதைவிடக் குறைந்த கெடு வையுங்கள்.